பக்கம் முதலில், விதி பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் சில மாதங்களாக வரும் தொடரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொடரை எழுதுபவர் அக்கறையோடு எழுதுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்து நிறுத்து, வாக்கியத்தைச் சுருக்கு, வர்ணனையை வெட்டு, வட்டார வழக்கை உரையாடலோடு நிறுத்திக்கொள், நடுவில் ஒரு திருப்பம் வை, முடிவை வாசகர் ஊகிக்கக் கூடாது என்று வாரம் ஒரு விதி சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்கிறார். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பெரிய தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு இங்கே பிள்ளைகள் எழுதுகிற கதைகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தில் மாதம் ஒருநாள் சாயங்காலம் கொஞ்சம் பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், முட்டத்திலிருந்து வரும் ஒரு பையன், குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண். எழுதியதை வாசிப்பார்கள், நாங்கள் கேட்போம். முட்டத்துப் பையனின் குடும்பம் தலைமுறையாகக் கடலுக்குப் போவது. குலசேகரத்துப் பெண்ணின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். இந்த இரண்டு பேரின் கதைகளும் இப்போது ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கின்றன. இரண்டும் கேள்வியில் தொடங்குகின்றன. இரண்டிலும் மூன்று சொல்லில் ஒரு வாக்கியம், உடனே ஒரு சொல்லில் இன்னொன்று. இரண்டிலும் கடைசிப் பத்தியில் யாரோ ஒருவர் ஏற்கெனவே செத்துப்போனவர் என்று தெரியவருகிறது. கடலையும் காணோம், தோட்டத்தையும் காணோம்.

நான் ஆவண எழுத்தர். கிரயம், ஒற்றி, தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் வாய்பாட்டை இளக்காரமாக நினைக்கிற ஆள் நான் இல்லை. ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எத்தனையோ பேருக்காக எழுதியிருக்கிறேன். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பத்திரத்தைப் படிக்கப் போவது யார்? வங்கிக்காரர் படிப்பார், வக்கீல் படிப்பார், நாற்பது வருஷம் கழித்து வழக்கு வந்தால் நீதிபதி படிப்பார். எழுதினவன் எப்படிப்பட்ட ஆள், அன்று என்ன நினைத்தான் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. நான்கு எல்லையும் சரியாக இருக்க வேண்டும், சர்வே எண் சரியாக இருக்க வேண்டும், வில்லங்கம் வந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். கொல்லம் ஆண்டு போட்ட திருவிதாங்கூர் காலத்துப் பத்திரத்தை இன்றைக்கு எடுத்தாலும் எது எங்கே இருக்கும் என்று என் கண் தானாகப் போய்விடும். வாய்பாடு செய்கிற உபகாரம் அது. யார் எழுதினாலும் ஒன்றுபோல இருப்பதுதான் பத்திரத்துக்குப் பலம்.

உயில் மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கும் வாய்பாடு உண்டு. சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதி வைக்கிறேன் என்று தொடங்கி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தில் முடியும். ஆனால் நடுவில் அந்த மனிதர் பேச இடம் இருக்கிறது. இரணியல் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். தென்னை நிற்கும் ஒரு விளை, ஒரு வீடு, அவ்வளவுதான் சொத்து. யாருக்கு எது என்று சொல்லி முடித்தார், நானும் குறித்துக்கொண்டேன். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

“வடக்கு மூலையில ஒரு வரிக்கைச் சக்கை நிக்கு. விளை யாருக்குப் போனாலும் அதுல வாற முதல் காய் இளைய மருமவளுக்குக் குடுக்கணும். நான் கெடந்த கெடப்புல என்னத் தூக்கி இருத்துனது அவளாக்கும். எழுது மக்களே.”

பக்கத்தில் நின்ற மூத்த மகனுக்குச் சங்கடம். “அம்மா, இதெல்லாம் பத்திரத்துல எழுதுவாவளா?” என்றார்.

எழுதினேன். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். முதலில் அந்தப் பலா மரம் (எங்கள் பக்கம் பலாவுக்குச் சக்கை என்று பெயர்), பிறகு காய், பிறகு மருமகள், கடைசியில் காரணம். கையெழுத்து வாங்கும் முன் எழுதிக் கொடுப்பவருக்குப் படித்துக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். படித்தேன். சொத்து விவரம் வாசிக்கும்போது பெரியம்மா ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கை மரத்துக்கு வந்ததும் திரும்பினார். “அத இன்னொருக்கா படி” என்றார். படித்தேன். அதன் பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படித்துக் காட்டும்போது ஆட்களைக் கவனித்துக் கவனித்து எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. வாய்பாட்டு வரிகளை யாரும் மறிப்பதில்லை. ‘சரி, சரி’ என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தங்கள் விஷயம் வரும் இடத்தில்தான் குறுக்கே பேசுவார்கள். ‘அப்படி இல்ல’ என்பார்கள், ‘அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு’ என்பார்கள். கதை எழுதுகிற பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டு. அவர் எங்கே வெளியே பார்க்கிறார், எங்கே குறுக்கே விழுகிறார் என்று பார்.

குலசேகரத்துப் பெண்ணின் விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் முதலில் கொண்டுவந்த கதை ‘அன்று ஏன் அவர் திரும்பி வரவில்லை?’ என்று தொடங்கியது. பால் வெட்டப் போன ஒருவர், இருட்டு, ஒரு சத்தம், கடைசியில் பாம்பு. உங்கள் தொடரில் சொன்ன எல்லாமே அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். ‘உன் அப்பாவைப் பாம்பு கடித்ததா?’ என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றாள். ‘அப்படியென்றால் அப்பாவுக்கு எதைக் கண்டு பயம்?’ என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “மழ மாமா. ராத்திரி மழ பெஞ்சா எங்க வீட்டுல யாரும் மிண்ட மாட்டோம்.”

மிண்ட மாட்டோம் என்றால் வாய் திறக்க மாட்டோம் என்று அர்த்தம். அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. இரவு ஓட்டின் மேல் மழை விழத் தொடங்கினால் அப்பா விழித்துக்கொள்வாராம். எழுந்திருக்க மாட்டார், விளக்குப் போட மாட்டார். மூன்று மணிக்குள் நின்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டே கிடப்பார். அவர் விழித்திருப்பது அம்மாவுக்குத் தெரியும், அம்மா விழித்திருப்பது இவளுக்குத் தெரியும். வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. மழை ஓய்ந்தால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கத்தியோடு போவார். நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து எடுத்துவிட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். அந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி இவளுக்குச் சின்ன வயதில் பந்து செய்து கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பந்தின் நாற்றத்துக்காக யாரும் இவள் பக்கத்தில் உட்காரவில்லை. இவளோ அதை வீசி எறியாமல் பையிலேயே வைத்திருந்தாள்.

“இதை ஏன் மக்களே எழுதல?”

“இதுல ஒண்ணும் நடக்கலயே மாமா. திருப்பம் வேணும்லா?”

சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வா என்றோம். அடுத்த மாதம் கொண்டுவந்ததைக் கேட்டால் பள்ளிக்கூடக் கட்டுரை. ‘உழைப்பின் சிகரமாய் விளங்கும் என் தந்தை’ என்று முதல் வரி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, உட்தலைப்பு ஒன்றுதான் குறை. இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கைக்கு முதலில் வருவதுதான் சொந்தக் குரல் என்று நான் நினைக்கவில்லை. கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் பரீட்சைத்தாள், சினிமா வசனம், மேடைப் பேச்சு. அதன் மேல் உங்கள் தொடரின் விதிகள் இன்னொரு படலமாகப் படிகின்றன. சொந்தப் பேச்சு அதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. அதை எடுக்க மறுபடி மறுபடி எழுதத்தான் வேண்டும்.

அவளிடம், இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்றேன். ரொம்ப வெட்கப்பட்டாள். ஆனால் வாசித்தாள். ‘உழைப்பின் சிகரம்’ வந்தபோது அப்பா எழுந்துபோய்க் கத்தி தீட்ட ஆரம்பித்துவிட்டாராம். மழை ஓய்ந்ததும் கிளம்பிவிடுவார் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் திரும்பிப் பார்த்திருக்கிறார். “மழ நின்னாப் போதுமா? பட்ட காயண்டாமா?” என்று கேட்டிருக்கிறார். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் மரத்தில் வழிந்து வீணாகும், சிரட்டைக்கு வராது. அதனால் மழை நின்ற பிறகுதான் அவருக்கு உண்மையான காத்திருப்பு. வாசலில் நிற்கும் ஒரு மரத்தடிக்கு இருட்டில் போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போவார். இவள் படுத்தபடியே கதவுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள், ஆனால் அது எதற்கென்று அன்றுதான் தெரிந்தது. இப்போது அவள் எழுதியிருக்கும் பக்கத்தில் அந்தக் கதவு இரண்டு முறை திறக்கிறது. அதில் திருப்பம் எதுவும் இல்லை. வாக்கியங்களில் சில நீளமாக, மூச்சு முட்டுகிற மாதிரி போகின்றன. இருட்டில் காத்துக் கிடக்கிற வீட்டில் வாக்கியம் அப்படித்தான் போகும். நாங்கள் கேட்டு முடித்தபோது யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. முட்டத்துப் பையன் மட்டும் “எங்க வீட்டுல காத்தடிச்சா இப்பிடித்தான்” என்றான். அவனும் இப்போது அதை எழுத ஆரம்பித்திருக்கிறான்.

அப்படியானால் எழுத்துக்கு விதியே வேண்டாமா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு தமிழாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. நன்னூல் என்ற இலக்கண நூலை எடுத்துப் பாருங்கள் என்றேன். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் அதன் முன்னுரையான பாயிரத்தில் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்லிவைத்திருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும். இன்றைக்கும் நான் ஒரு கதையைக் கேட்டால் இந்தப் பட்டியல்தான் மனதில் ஓடுகிறது. நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிகிற கதைகள் எத்தனை! ஆனால் இந்தப் பத்தில் எதையும் வெற்றுத்தாளில் கண்டுபிடிக்க முடியாது. எழுதிய பக்கம் ஒன்று முன்னால் இருந்தால்தான் அதில் எது குன்றியிருக்கிறது, எது மிகுந்திருக்கிறது என்று பார்க்கலாம். பத்து அழகுகளையும் அதே பாயிரம் சொல்கிறது. அதில் ஓசையுடைமையும் ஒன்று. வாய்விட்டுப் படிக்காமல் அதை எப்படிச் சோதிப்பது?

சுசீந்திரம் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களைத் தெரியும். சக்கரத்தோடு கூடவே நடந்து, சரியான நேரத்தில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவார்கள். அவர்கள் இல்லாமல் தேர் வீதி திரும்பாது. ஆனால் நிற்கிற தேரை நகர்த்துவது வடம். எழுத்து விதிகளை நான் அந்தக் கட்டையின் இடத்தில்தான் வைக்கிறேன். உங்கள் தொடர் நகராத தேருக்குச் சுற்றிலும் கட்டை போடுகிறது.

எங்கள் மாவட்டத்தில் எழுதியவர்களைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி, அதாவது சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை, இருந்த காலத்துப் பாகப் பத்திரங்களில் குடும்பத் தலைவரான காரணவர், அவருக்குப் பின் வரும் அனந்தரவர், மனைவி மக்களுக்கான பங்காகிய உகந்துடைமை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாடு ஒரு வரியில்கூட இருக்காது, இருக்கவும் முடியாது. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதே விஷயத்தை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலுக்கு எடுத்தார். காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக எழுதினார். மான்மியம் என்ற வடிவம் பழையது, தெய்வத்தின் பெருமையையும் தலத்தின் பெருமையையும் பாடுவது. யாப்பும் பழையது. அவர் இலக்கணம் தெரிந்தவர், கல்வெட்டு ஆராய்ந்தவர். அவ்வளவு தெரிந்தவர், ஒரு நாஞ்சில் நாட்டுப் பெண் அடுக்களையில் பேசுகிற பேச்சுக்கு அந்த வடிவத்தை வளைத்தார். படிக்கும்போது முதலில் சிரிப்பு வருகிறது, போகப் போகச் சிரிப்பு நின்றுவிடுகிறது. விதி தெரிந்திருப்பது ஒரு தடையே இல்லை என்பதற்கு எனக்கு அவர்தான் சாட்சி.

1964இல் வந்த ‘புத்தம் வீடு’ நாவலை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். உலகத்து நாவல் உத்திகள் எல்லாம் பாடம் நடத்துகிறவருக்குத் தெரியாதா? அவர் எழுதியதோ பனைவிளையில், பனையேறிகளுக்கு நடுவில் ஒரு வீட்டின் கதை. இன்னொரு பக்கம், தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ்க் கட்டுரை எழுதும் முறையை யாரும் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. தன் ஊர் பேசியதைக் காதில் வாங்கி எழுதினார். 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது. நிறையப் படித்த வழியும் சரி, படிக்க வாய்க்காத வழியும் சரி, இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே இரண்டும் நடந்திருக்கின்றன. வட்டார வழக்கை உரையாடலோடு நிறுத்திக்கொள் என்று இவர்களிடம் யாராவது முதலிலேயே சொல்லி, இவர்களும் கேட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று தொடரை எழுதுபவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவர் சொல்வதில் நான் அப்படியே ஏற்பவையும் உண்டு. ஒற்றுப்பிழை பற்றி எழுதிய வாரம் அருமை. ஒரே செய்தியை மூன்று முறை சொல்லாதே என்று எழுதியதை வெட்டி நூலகத்தில் ஒட்டியிருக்கிறோம். நிறையப் படியுங்கள் என்று அவர் சொல்வதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இவையெல்லாம் பிள்ளைகள் எழுதிய பிறகு உதவுகிறவை. எப்படித் தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்று எழுதும் முன்பே சொல்வதுதான் கெடுதல். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அச்சில் வந்த வார்த்தை பெரிய வார்த்தை. தன் வீட்டு மழையில் ‘ஒண்ணும் நடக்கல’ என்று அவளை நம்ப வைத்தது அந்த வார்த்தைதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். தொடரை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். மாதம் ஒரு வாரமாவது அந்த இடத்தில் யாரோ ஒரு புதியவர் எழுதிய ஒரு பக்கத்தைப் போடுங்கள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். அதற்குக் கீழே தொடரை எழுதுபவர், தான் ஒரு வாசகராக அதை எப்படிப் படித்தார் என்று எழுதட்டும். எந்த வரியில் நின்றார், எங்கே கவனம் போயிற்று, எதை இன்னும் கேட்க ஆசைப்பட்டார் என்று சொன்னால் போதும். விதி சொல்ல வேண்டிய இடம் வந்தால் அந்தப் பக்கத்தை வைத்தே சொல்லலாம், அப்போது அது பிள்ளைகளுக்கு விளங்கும். முடிந்தால் அவருடைய முதல் கதையை அவர் எப்படி எழுதினார் என்பதையும் ஒரு வாரம் சொல்லட்டும். இந்த விதிகளெல்லாம் அன்று அவர் கையில் இருந்தனவா என்று தெரிந்துகொள்ள எங்கள் நூலகத்துப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆசை.

குலசேகரத்துப் பெண்ணின் சம்மதத்தோடு அந்த மழைப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தன் பெயர் மட்டும் அச்சில் வரக் கூடாது என்பது அவள் அப்பாவின் நிபந்தனை. இடம் இருந்தால் போடுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் எதை வெட்டினீர்கள், எதற்காக வெட்டினீர்கள் என்று இரண்டு வரி அவளுக்கு எழுதுங்கள். நூலக முகவரிக்கு அனுப்பினால் போதும், அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓர் ஆவண எழுத்தர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.